வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்: டிரான்சிட் பகுதியில் எந்தச் சட்டம் செல்லும்?

2023 டிசம்பர் 21 அன்று, ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவிலிருந்து நிகராகுவாவுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று எரிபொருள் நிரப்பிக்கொள்வதற்காக பிரான்ஸின் வாத்ரி விமான நிலையத்தில் இறங்கியது. அதில் இருந்த 303 பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆள்கடத்தல் நடப்பதாகப் பெயர் சொல்லாத ஒருவர் தந்த தகவலின்பேரில் விமானம் தடுத்து நிறுத்தப்பட்டது. பயணிகள் நான்கு நாள் விமான நிலையக் கூடத்திலேயே கட்டில் போட்டுத் தங்க வைக்கப்பட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அந்தக் கூடத்துக்கே வந்து விசாரணை நடத்தினார்கள். டிசம்பர் 26 அதிகாலை 276 பேருடன் விமானம் மும்பையில் இறங்கியது. 25 பேர் பிரான்ஸிலேயே புகலிடம் கேட்டுத் தங்கிவிட்டார்கள்.

அன்று செய்தி படித்த பலருக்கும் இந்தச் சந்தேகம் எழுந்திருக்கும். அவர்கள் கைது செய்யப்பட்டார்களா? இல்லை. பிரான்ஸுக்குள் நுழைந்துவிட்டார்களா? சட்டப்படி அதுவும் இல்லை. அப்படியானால் வெளியே போக விடாமல் அவர்களை நிறுத்தி வைத்தது எந்தச் சட்டம்? நீதிபதி ஏன் விமான நிலையத்துக்கு வந்தார்? புகலிடம் கேட்டவர்களை மட்டும் ஏன் திருப்பி அனுப்ப முடியவில்லை?

சட்டம், சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ‘டிரான்சிட் பகுதிகளில் புலம்பெயர்வோரின் சட்ட நிலை’ என்ற தலைப்பில் ஆய்வுப் பயிற்சிக்குப் போகும்போது, உண்மையில் இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகிறார்கள். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

டிரான்சிட் பகுதி என்பது எது?

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடித்தளமான 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் 9ஆவது இணைப்பு இதற்கு விளக்கம் தருகிறது. ஒரு நாட்டுக்குள் நுழைய விண்ணப்பிக்காமலேயே, விமானம் மாறும் பயணி காத்திருப்பதற்காக, அந்நாட்டு அதிகாரிகளின் ஒப்புதலோடும் நேரடிக் கண்காணிப்பிலும் ஒதுக்கப்பட்ட இடம் அது. பயணிகளின் வசதிக்காகப் பிறந்த ஏற்பாடு. கொழும்பிலிருந்து பாரிஸ் வழியாக டொரண்டோ போகிறவர் பாரிஸில் குடிவரவு வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் நோக்கம்.

இந்த விளக்கத்தில் கவனிக்க வேண்டியது ‘அதிகாரிகளின் நேரடிக் கண்காணிப்பில்’ என்ற பகுதி. டிரான்சிட் பகுதி யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குள் வரவில்லை என்று வீட்டுக்காரர் சொல்லலாம்; திண்ணை தன்னுடையது இல்லை என்று சொல்ல முடியாது.

அரசுகள் பயன்படுத்துவது ஒரு சட்டப் புனைவு: உடல் நம் மண்ணில் இருந்தாலும், நுழைவு அனுமதி கிடைக்கும்வரை அவர் ‘நுழையாதவர்’. புனைவு என்பதால் அதற்கு வலிமை குறைவு என்று நினைக்கக் கூடாது. உள்ளே வந்துவிட்டவருக்குக் கிடைக்கும் மேல்முறையீடு, தங்கும் இடம், வழக்கறிஞர், கால அவகாசம் ஆகியவற்றில் பல, நுழையாதவருக்குச் சுருங்கிவிடுகின்றன அல்லது இல்லாமலே போகின்றன.

எங்கும் கூடவே வரும் மூன்று உரிமைகள்

புனைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எல்லை உண்டு. ஐரோப்பாவைப் பொறுத்தவரை மூன்று பாதுகாப்புகளை அரசால் வாசலில் கழற்றி வைத்துவிட முடியாது.

1. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாமை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு இது. ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு இதை இன்னும் கடுமையாக்குகிறது: சித்திரவதையோ மனிதத்தன்மையற்ற நடத்தையோ காத்திருக்கும் இடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது, விதிவிலக்கே கிடையாது.

2. காரணமின்றி அடைத்து வைக்கப்படாமை. அதே ஐரோப்பிய உடன்படிக்கையின் 5ஆவது பிரிவு. அடைத்து வைத்தால் அதற்குத் தெளிவான சட்டம் வேண்டும், நீதிபதி பார்க்க வேண்டும்.

3. பயனுள்ள முறையீடு. 13ஆவது பிரிவு. விமானம் பறந்த பிறகு வரும் தீர்ப்பு பயனுள்ள முறையீடு ஆகாது.

முதலாவதையும் மூன்றாவதையும் பெரும்பாலான ஐரோப்பிய அரசுகள் வெளிப்படையாக மறுப்பதில்லை. பெரிய சண்டை இரண்டாவதில்தான்: டிரான்சிட் பகுதியில் இருப்பவர் அடைத்து வைக்கப்பட்டவரா? அரசுகளின் பதில் எப்போதும் ஒன்றே: “நாங்கள் அடைக்கவில்லை. உள்ளே வரத்தான் தடை. வந்த வழியே திரும்பிப் போக அவருக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது.”

இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் முப்பது ஆண்டு வழக்குகள் சுழல்கின்றன.

1996: ஆறு வார இடைவெளியில் இரண்டு பதில்கள்

ஜெர்மனி 1993இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, விமான நிலைய நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. புகலிடக் கோரிக்கையை அகதிகளுக்கான அரசு அலுவலகம் இரண்டு நாளில் முடிவு செய்ய வேண்டும். நிராகரிக்கப்பட்டால் மூன்று நாளில் முறையிட வேண்டும். நீதிமன்றம் பதினான்கு நாளில் தீர்ப்பளிக்க வேண்டும். மொத்தம் பத்தொன்பது நாள். 1996 மே 14 அன்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. விமான வழியாக வெளியேற அவர்களுக்குத் தடை இல்லை, ஆகவே அங்கே தங்குவது சுதந்திரப் பறிப்பு ஆகாது என்பது அதன் வாதம்.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் நேர் எதிர்த் திசையில் பேசியது. அமூர் எதிர் பிரான்ஸ் என்பது அந்த வழக்கு. சோமாலியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய நான்கு உடன்பிறப்புகள் 1992 மார்ச் 9 அன்று சிரியா வழியாக பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அருகிலிருந்த ஒரு ஹோட்டலின் ஒரு பகுதியை அரசு ‘சர்வதேசப் பகுதி’ என்று அறிவித்து, இருபது நாள் அவர்களை அங்கே போலீஸ் காவலில் வைத்தது. மார்ச் 29 அன்று சிரியாவுக்கே திருப்பி அனுப்பியது. அவர்களைப் பிடித்து வைத்தது சட்டவிரோதம், விடுவிக்க வேண்டும் என்று பிரான்ஸின் கிரெத்தேய் நீதிமன்றம் மார்ச் 31 அன்று உத்தரவிட்டது. இரண்டு நாள் தாமதம். விடுவிக்க ஆள் இல்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொன்னது. பெயர் எதுவானாலும் சர்வதேசப் பகுதி பிரான்ஸ் சட்டத்துக்கு வெளியே இல்லை. வெளிநாடு போக வாய்ப்பு இருக்கிறது என்பதால் மட்டும் அடைப்பு இல்லாமல் போய்விடாது. புகலிடம் கேட்ட நாட்டில் எதிர்பார்த்த பாதுகாப்புக்கு ஒப்பானதைத் தரக்கூடிய வேறு எந்த நாடும் அவர்களை ஏற்கத் தயாராக இல்லாதபோது, அந்த வாய்ப்பு வெறும் ஏட்டளவில்தான்.

ஏட்டளவில் திறந்திருக்கும் கதவு திறந்த கதவு ஆகாது. இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக முக்கியமான வரி அதுதான் என்பது என் கருத்து. பின்னால் வந்த ஒவ்வொரு வழக்கும் அந்தக் கதவைத்தான் தட்டிப் பார்த்தது.

பிரான்ஸின் கடிகாரம்

அமூர் வழக்கு தீர்ப்புக்கு வருமுன்பே பிரான்ஸ் விழித்துக்கொண்டது. 1992 ஜூலை 6ஆம் தேதிச் சட்டம் ‘காத்திருப்புப் பகுதி’ என்ற முறையான அமைப்பை உருவாக்கியது. வாத்ரியில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கடிகாரத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

1. முதல் நான்கு நாள்: எல்லைப் போலீஸே முடிவெடுக்கலாம். எழுத்தில் உத்தரவு, நேரத்தோடு பதிவு, புரியும் மொழியில் உரிமைகளைச் சொல்லுதல் ஆகியவை கட்டாயம்.

2. நான்கு நாளுக்குப் பின்: நீதிபதி அனுமதித்தால் எட்டு நாள். மறுபடி நீதிபதி அனுமதித்தால், விதிவிலக்காக, இன்னும் எட்டு நாள்.

3. மொத்தம் இருபது நாள். கடைசி நாட்களில் புகலிடம் கேட்டால் இருபத்தாறு வரை நீளலாம்.

வாத்ரிக்கு நீதிபதிகள் பண்டிகை விடுமுறையிலும் ஓடி வந்ததற்குக் காரணம் அந்த நான்கு நாள் கெடு. 303 பேருக்குத் தனித்தனி விசாரணை, ஒரு சிறு நீதிமன்றம், போதாத மொழிபெயர்ப்பாளர்கள். கெடு முடியும் நாளில் விமானம் புறப்பட்டது.

அங்கே காத்திருப்புப் பகுதி ஏற்கெனவே இருந்ததா என்று கேட்கலாம். தேவையில்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எல்லைச் சோதனைச் சாவடிக்கு வெளியே குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழு வந்திறங்கினால், அந்த இடத்தையே தற்காலிகக் காத்திருப்புப் பகுதியாக அறிவிக்கலாம். 2022 நவம்பரில் மத்தியதரைக் கடலில் மீட்கப்பட்ட 234 பேருடன் ஓஷன் வைக்கிங் கப்பல் தூலோனுக்கு வந்தபோது, பக்கத்து ஜியென் தீபகற்பத்தில் ஒரு விடுமுறைக் குடியிருப்பே இப்படி ‘எல்லை’ ஆனது. எல்லைக்கோடு மனிதர்களைத் தேடிப் போய் அவர்களைச் சுற்றி வரையப்படுகிறது. இதன் ஆபத்தை இன்னும் நாம் சரியாக உணரவில்லை என்று நினைக்கிறேன்.

புகலிடம் கேட்பவருக்கு வேறு பாதை. அகதிகள் அலுவலகம் அவருடைய கோரிக்கை ‘வெளிப்படையாகவே ஆதாரமற்றதா’ என்று மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்கிறது. முடிவு உள்துறை அமைச்சகத்தின் கையில். மறுத்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்தில் முறையிடலாம். தீர்ப்பு வரும்வரை அனுப்ப முடியாது. இந்தக் கடைசிப் பாதுகாப்பு பிரான்ஸ் தானாகத் தந்ததல்ல. எரித்ரியாவிலிருந்து வந்த ஒருவர் ஸ்ட்ராஸ்பூர்க் சென்று 2007 ஏப்ரலில் வென்ற கெப்ரமெதின் வழக்கின் விளைவு அது.

ஒரே நாள், இரண்டு கதவுகள்

2019 நவம்பர் 21. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு, அதாவது அதன் மிக உயர்ந்த அமர்வு, ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளை வெளியிட்டது. ஒன்று மாஸ்கோவின் ஷெரெமெத்யேவோ விமான நிலையம் பற்றியது. மற்றது ஹங்கேரி–செர்பியா எல்லையில் ரோஸ்கே என்ற இடத்திலிருந்த டிரான்சிட் வலயம் பற்றியது.

மாஸ்கோ வழக்கில் நான்கு பேர். ஈராக், பாலஸ்தீனம், சோமாலியா, சிரியா ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். ஐந்து மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அவர்கள் விமான நிலையத்தின் பயணிகள் பகுதியில் கிடந்தார்கள். தரையில் மெத்தை. இரவும் பகலும் அணையாத விளக்கு, ஓயாத அறிவிப்பு. குளிக்க இடம் இல்லை. ஐ.நா. அகதிகள் முகமை தந்த அவசர உணவுப் பொட்டலமே சாப்பாடு. அரசு சொன்னது அதே வாக்கியம்: போக நினைத்தால் போகலாம். நீதிமன்றம் ஏற்கவில்லை. விமானத்தில் ஏற டிக்கெட் வேண்டும், ஆவணம் வேண்டும், ஏற்கும் நாடு வேண்டும். இவை இல்லாதவருக்கு அது அடைப்புதான்.

ரோஸ்கே வழக்கில் இரண்டு வங்கதேசத்தவர். 2015 செப்டம்பரில் 23 நாள் கம்பிவேலி சூழ்ந்த வலயத்தில் இருந்துவிட்டு செர்பியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கீழமர்வு 2017இல் இதை அடைப்பு என்றே சொல்லியிருந்தது. பேரமர்வு மாற்றிவிட்டது. அந்த வலயத்தின் ஒரு பக்கம் செர்பியாவை நோக்கித் திறந்திருந்தது, நடந்தே போயிருக்கலாம், அங்கே உயிருக்கு நேரடி ஆபத்து இல்லை; எனவே 5ஆவது பிரிவு பொருந்தாது.

இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் பயன்படுத்திய அளவுகோல் ஒன்றே. அதில் நான்கு கேள்விகள்:

1. அவருடைய நிலை என்ன, அங்கே வந்தது அவர் எடுத்த முடிவா?
2. எந்தச் சட்ட ஏற்பாட்டின் கீழ், எந்த நோக்கத்துக்காக நிறுத்தப்பட்டார்?
3. எவ்வளவு காலம், எத்தகைய நடைமுறைப் பாதுகாப்புடன்?
4. நடமாட்டத்துக்கு நடைமுறையில் எவ்வளவு கட்டுப்பாடு?

அளவுகோல் நல்லது. ரோஸ்கேயில் அதைப் பொருத்திய விதம்தான் என்னால் ஏற்க முடியாதது. அதே தீர்ப்பு, 3ஆவது பிரிவின் கீழ் ஹங்கேரியைக் கண்டித்தது: செர்பியாவுக்கு அனுப்பினால் அங்கிருந்து சங்கிலித் தொடராக வேறு நாடுகளுக்குத் தள்ளப்படுவார்களா என்பதை ஹங்கேரி ஒழுங்காக ஆராயவில்லை என்றது. ஒருவரை அனுப்பத் தக்க அளவுக்குப் பாதுகாப்பு உண்டா என்று யாரும் ஆராயாத ஒரு நாட்டுக்கு அவர் ‘தாமாகவே நடந்து போயிருக்கலாம்’ என்பது எப்படி நியாயமாகும்? மேலும், செர்பியப் பக்கம் காலெடுத்து வைத்த நொடியில் ஹங்கேரியில் கேட்ட புகலிடம் அவருக்குப் போய்விடும்.

லக்ஸம்பர்க் சொன்ன பதில்

ஆறு மாதம் கழித்து மற்றொரு நீதிமன்றம் குறுக்கிட்டது. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் மனித உரிமை உடன்படிக்கையைக் காப்பது. லக்ஸம்பர்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒன்றியச் சட்டங்களுக்குப் பொருள் சொல்வது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் செய்திகள் ஏராளம்.

ரோஸ்கேயில் ஓர் ஆப்கான் தம்பதியும், ஓர் ஈரானியத் தந்தையும் மகனும் ஓர் ஆண்டுக்கும் மேலாக இருந்தார்கள். அவர்களைத் திரும்ப ஏற்க செர்பியா மறுத்துவிட்டது. உடனே ஹங்கேரி அதிகாரிகள் திருப்பி அனுப்பும் உத்தரவில் ‘செர்பியா’ என்ற பெயரை மாற்றி, முறையே ‘ஆப்கானிஸ்தான்’, ‘ஈரான்’ என்று எழுதினார்கள். எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த நாடுகள். 2020 மே 14 அன்று லக்ஸம்பர்க் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: செர்பியாவுக்குள் சட்டப்படி நுழைய அவர்களுக்கு வழியில்லை, போனால் தண்டனைக்கு ஆளாகலாம், புகலிடக் கோரிக்கையும் கைநழுவும்; எனவே இது தடுப்புக் காவல்.

ஒரே வாரத்தில், மே 21 அன்று, ஹங்கேரி தன் டிரான்சிட் வலயங்களை மூடியது. மகிழ்ச்சியான முடிவு போலத் தோன்றும். ஆனால் அதற்குப் பதிலாக வந்த புதிய முறையில், புகலிடம் கேட்க விரும்புவோர் முதலில் பெல்கிரேடிலோ கீவிலோ உள்ள ஹங்கேரித் தூதரகத்துக்குச் சென்று ‘விருப்ப அறிவிப்பு’ தர வேண்டும் என்றானது. அடைத்து வைக்க முடியாது என்றதும் வாசலையே எடுத்துவிட்டார்கள். முந்தைய தீர்ப்பு ஒன்றுக்குக் கீழ்ப்படியாததற்காக 2024 ஜூன் 13 அன்று அதே நீதிமன்றம் ஹங்கேரிக்கு 20 கோடி யூரோ அபராதமும், கீழ்ப்படியும்வரை நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோவும் விதித்தது.

பின்னர் ஸ்ட்ராஸ்பூர்க்கும் சற்றே நெருங்கி வந்தது. 2017இல் மூன்று குழந்தைகளோடு ஏறக்குறைய நான்கு மாதம் ரோஸ்கேயின் கன்டெய்னர் அறையில் வைக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் வழக்கில், 2021 மார்ச் 2 அன்று, அது அடைப்புதான் என்று தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உணவு தரப்பட்டது. தந்தை ஏற்கெனவே ஒருமுறை புகலிடம் கேட்டவர் என்பதால் அவருக்கு மட்டும் தரப்படவில்லை.

டிக்கெட் கவுன்ட்டருக்கே நகர்ந்த எல்லை

இந்தக் கதையில் தமிழர்களுக்கு நேரடி இடம் உண்டு. அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

1983 வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் பிரிட்டனை நாடியபோது, 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அவ்வாறு செய்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஏறக்குறைய அறுபது தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் புகலிடம் கேட்டார்கள். மறுக்கப்பட்டு விமானத்தில் ஏற்றப்படவிருந்தபோது, ஓடுதளத்தில் ஆடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று போராடினார்கள். நீதிமன்றம் தலையிட்டு அனுப்புவதை நிறுத்தியது.

அடுத்த மாதமே அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனம், தலைக்கு ஆயிரம் பவுண்ட் கட்ட வேண்டும். 1987ஆம் ஆண்டின் விமான நிறுவனப் பொறுப்புச் சட்டம் இப்படித்தான் பிறந்தது. பின்னர் தொகை இரட்டிப்பானது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கொழும்பிலோ டாக்காவிலோ கவுன்ட்டரில் நிற்கும் விமான நிறுவன ஊழியர், அபராதத்துக்குப் பயந்து, யார் ஐரோப்பா வரலாம் என்று முடிவு செய்கிறார். அவருக்கு அகதிச் சட்டம் தெரியாது. அவர் தரும் மறுப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. இதன் அடுத்த படி விமான நிலைய டிரான்சிட் விசா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் பொதுப் பட்டியலில், விமானம் மாறுவதற்கே விசா தேவைப்படும் பன்னிரண்டு நாடுகள் இருக்கின்றன: ஆப்கானிஸ்தான், வங்கதேசம், காங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்ரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. பட்டியலைப் படித்தாலே தெரிகிறது: போரிலிருந்தும் ஒடுக்குமுறையிலிருந்தும் மக்கள் ஓடிவரும் நாடுகள் பல அதில் இருக்கின்றன. டிரான்சிட் பகுதியில் நின்று புகலிடம் கேட்கும் வாய்ப்பே ஏற்படாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

தீவுகளிலும் இதே உத்தி. 2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்களுடன் தத்தளித்த படகு ஒன்று இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட மண். ஆனால் அகதிகள் உடன்படிக்கை அங்கே செல்லாது என்றது பிரிட்டன். மூன்று ஆண்டு கூடாரத்தில் கழிந்த பிறகு, 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் அவர்கள் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் அதே மாதம் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவோ 2001இல் கிறிஸ்துமஸ் தீவு போன்றவற்றையும், 2013இல் படகில் வருவோர் விஷயத்தில் தன் பெருநிலப்பரப்பு முழுவதையுமே, விசா கோர உரிமை தரும் ‘குடிவரவு வலய’த்திலிருந்து சட்டப்படி விலக்கிக்கொண்டது.

கையெழுத்திடாத நாடுகளில்

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவை அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. இங்கே விமான நிலையத்தில் சிக்கியவரின் கதி பெரும்பாலும் ஊடக வெளிச்சத்தையும் ஐ.நா. முகமையின் தலையீட்டையும் பொறுத்தது. 2018இல் சிரியர் ஒருவர் கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏழு மாதம் தங்கி, சமூக ஊடகத்தில் பதிவிட்டுப் பதிவிட்டுக் கடைசியில் கனடா சென்றார். 2019 ஜனவரியில் சவூதி இளம்பெண் ஒருவர் பாங்காக் விமான நிலைய ஹோட்டல் அறையைத் தாழிட்டுக்கொண்டு உலகத்தை அழைத்தார்; அவரும் கனடா சென்றார். இருவரிடமும் கைபேசி இருந்தது, ஆங்கிலம் இருந்தது. இவை இல்லாதவர்கள் அடுத்த விமானத்தில் ஏற்றப்படுகிறார்கள். நமக்குத் தெரிவதே இல்லை.

ஆய்வுப் பயிற்சி மாணவர் இங்கே என்ன செய்கிறார்?

மேலே சொன்ன தீர்ப்புகள் எல்லாம் எதில் நின்றன என்று பாருங்கள். எத்தனை நாள், எந்தத் தேதியில் எந்த உத்தரவு, கதவு எந்தப் பக்கம் திறந்தது, யாருக்கு உணவு தரப்பட்டது. வெறும் தகவல்கள். அந்தத் தகவல்களை யாராவது அன்றே எழுதி வைக்காவிட்டால் வழக்கே இல்லை. டிரான்சிட் பகுதியில் ஆய்வுப் பயிற்சிக்கு உள்ள மதிப்பு இதுதான்.

பிரான்ஸில் 1989இல் தொடங்கப்பட்ட அனஃபே என்ற அமைப்பு எல்லையில் தடுக்கப்படும் வெளிநாட்டவருக்குத் தொலைபேசி வழியாகவும் நேரில் சென்றும் சட்ட உதவி செய்கிறது. இத்தகைய அமைப்புகளில் சேரும் மாணவர் நான்கு விஷயங்களைப் பதிவு செய்யப் பழக வேண்டும்.

1. நேரம். விமானம் தரையிறங்கியது, போலீஸ் நிறுத்தியது, உத்தரவு கையில் தரப்பட்டது, புகலிடக் கோரிக்கை பதிவானது. இந்த நான்கு நேரங்களும் ஒன்றல்ல. காலை ஆறு மணிக்கு வாயால் கேட்ட புகலிடம் மாலை நான்கு மணிக்குத்தான் தாளில் ஏறியது என்றால், நடுவில் இருக்கும் பத்து மணி நேரத்தில் அவரைத் திரும்பும் விமானத்தில் ஏற்ற முயன்றிருக்கலாம்.

2. மொழி. உரிமைகள் எந்த மொழியில், நேரிலா தொலைபேசியிலா, எத்தனை நிமிடம் சொல்லப்பட்டன? ‘புரிந்துகொண்டார்’ என்ற கட்டம் உத்தரவில் எப்போதும் நிரப்பப்பட்டிருக்கும். அவரிடம் கேட்டால்தான் உண்மை தெரியும். தமிழ் அறிந்த மாணவர்கள் இங்கே பேருதவி செய்ய முடியும்.

3. ஆள். வழக்கறிஞர் எப்போது வந்தார்? துணையில்லாத சிறுவர் என்றால், பிரான்ஸ் சட்டப்படி நியமிக்க வேண்டிய சட்டப் பிரதிநிதி வந்தாரா? வாத்ரி விமானத்தில் அப்படிப் பதினொரு சிறார் இருந்தார்கள்.

4. வெளியேறும் வழி. எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள்? அந்த நாடு இவரை ஏற்குமா? ஆவணம் யாரிடம் இருக்கிறது? ‘போக நினைத்தால் போகலாம்’ என்ற வாக்கியத்தைச் சோதிக்கும் கேள்விகள் இவை.

பெரும்பாலான நேரம் உள்ளே போகவே அனுமதி கிடைக்காது. அப்போது நீதிமன்ற விசாரணை அறையே ஆய்வுக்களம். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது. ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்கப்படுகிறது, எந்த வாதத்தை நீதிபதி ஏற்கிறார் என்பதை எழுதிக்கொள்ளலாம்.

இதில் ஓர் அறச்சிக்கல் உண்டு. வழிகாட்டும் ஆசிரியர்கள் அதைப் பெரும்பாலும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கடந்துவிடுகிறார்கள். நாளை திருப்பி அனுப்பப்படலாம் என்ற அச்சத்தில் இருப்பவர், எதிரே அடையாள அட்டையோடு நிற்கும் யாரையும் தனக்கு உதவ வந்தவர் என்றே நம்புவார். அவர் தரும் சம்மதம் சுதந்திரமான சம்மதமா? நான் வழக்கறிஞர் அல்ல, என்னால் உங்களை வெளியே கொண்டுவர முடியாது என்று முதலிலேயே, அவருக்குப் புரியும் வரை சொல்லியாக வேண்டும். குறிப்பேட்டில் பெயர் இருக்கக் கூடாது. அவர் சொன்ன கதையில் உள்ள முரண்களை எழுதி வைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அது தவறான கைக்குப் போனால் அவருடைய புகலிடமே சிதையும்.

2026க்குப் பின்

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய புகலிட, குடிவரவு ஒப்பந்தத்தின் சட்டங்கள் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஜூன் 12. இதுவரை விமான நிலையங்களிலும் சில எல்லைகளிலும் இருந்த ‘நுழையவில்லை’ என்ற புனைவு, இதன்மூலம் ஒன்றியத்தின் வெளி எல்லை முழுவதற்கும் பொது விதியாகிறது.

1. எல்லையில் ஏழு நாள் வரை முதற்கட்டச் சோதனை: அடையாளம், உடல்நலம், பாதுகாப்பு.

2. அதன்பின் பன்னிரண்டு வாரம் வரை எல்லைப் புகலிட நடைமுறை. ஒன்றிய அளவில் 20 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் புகலிடம் கிடைக்கும் நாட்டினருக்கு இது கட்டாயம்.

3. நிராகரிக்கப்பட்டால், இன்னும் பன்னிரண்டு வாரம் வரை எல்லையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பும் நடைமுறை.

பிரான்ஸின் இருபது நாளோடும் ஜெர்மனியின் பத்தொன்பது நாளோடும் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனை காலமும் அவர் ஐரோப்பிய மண்ணில் நின்றுகொண்டே நுழையாதவராக இருப்பார். ‘பாதுகாப்பான பிறப்பிட நாடுகள்’ என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த பட்டியலில் இந்தியாவும் வங்கதேசமும் உண்டு. அத்தகைய பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து வருபவர், தனக்கு மட்டும் ஏன் ஆபத்து என்பதை மிகக் குறுகிய நேரத்தில் நிறுவ வேண்டியிருக்கும்.

அதே சட்டத் தொகுப்பில் ஒரு சிறு சாளரம் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பு நாடும் எல்லைச் சோதனையின்போது அடிப்படை உரிமைகள் மதிக்கப்படுகின்றனவா என்று பார்க்க ஒரு சுயேச்சையான கண்காணிப்பு அமைப்பை வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி நேரில் சென்று சோதிக்கும் அதிகாரம் அதற்கு வேண்டும். ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் தாங்கள் சேரப்போகும் அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான்: அந்தக் கண்காணிப்பு அமைப்போடு உங்களுக்குத் தொடர்பு உண்டா, உள்ளே போக அனுமதி எழுத்தில் இருக்கிறதா, மாணவர் எழுதும் குறிப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் பயன்படுத்துகிறார்களா?